பொருள்: அட்டை அசலா என்று பார்ப்பதற்கு ஒரு சொல் (அவசரம்)

குவாத்ர் போர்ன் ஆசிரியை:
வணக்கம். இங்கே மொரீஷியஸில் சனிக்கிழமை என் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் போக்கிமான் அட்டைகளை (சேகரித்து விளையாடும் படச்சீட்டுகளை) காட்சிக்கு வைக்கிறார்கள். ஒரு பையன் சந்தையில் வாங்கிய பத்தில் ஆறு போலி. அதனால் ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். அளவு 63-க்கு 88 மில்லிமீட்டர். டார்ச் அடித்தால் போலி அட்டை வெளிச்சத்தை அதிகம் விடும், அசலின் நடுவே கருந்தாள் அடுக்கு இருப்பதால் அவ்வளவு விடாது. பூதக்கண்ணாடியில் படம் ஒழுங்கான புள்ளிக்கோலமாகத் தெரியவேண்டும். எல்லாம் ஆயிற்று, தலைப்புதான் இல்லை. இந்தச் செயலுக்கு ஒரே சொல் சொல்லுங்கள். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது.

டர்பன் அன்பர்:
கணினியில் 'சான்றுறுதி' என்கிறோம். அதையே போடுங்கள் அக்கா.

போர்ட் லூயி பெரியவர்:
தம்பி, அது கடவுச்சொல் கேட்டு ஆளை உள்ளே விடுகிற வேலை. அட்டைக்குக் கடவுச்சொல் ஏது? நம்மிடம் 'நோட்டம்' இருக்கிறது. நல்ல காசா கள்ளக்காசா என்று பார்ப்பது நோட்டம், பார்ப்பவன் வண்ணக்கன். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று சங்கப் புலவரே உண்டு. பொன்னின் வண்ணம் பார்த்து மாற்றுச் சொன்னதால் வண்ணக்கன் என்பது என் கருத்து. அட்டையிலும் முதலில் பின்பக்க நீலத்தைத்தானே பார்க்கிறோம்?

டர்பன் அன்பர்:
ஐயா, இப்போது நோட்டம் விடுபவன் திருடன். 'அசல் சோதனை' போதும்.

போர்ட் லூயி பெரியவர்:
அசல் அரபுச் சொல். கடனுக்கு அசலும் வட்டியும் சரி, சொல்லுக்குமா?

செயிண்ட் டெனி அன்பர்:
கோபிக்காதீர்கள், 'போலி' என்பதே வசவா? ஐந்து அஞ்சானால் முற்றுப்போலி என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கிறதே. போர்ட் லூயியில் புளூ பென்னி அருங்காட்சியகத்தில் மொரீஷியஸின் அரிய 1847 அஞ்சல்தலைகள் இரண்டும் வெளிச்சத்தில் வெளுக்காமலிருக்க, பெரும்பாலான நேரம் நகலைத்தான் காட்டுகிறார்கள். அதைப் போலி என்போமா? ஏமாற்றுவதை மட்டும் 'கள்ள அட்டை' என்போம்.

போர்ட் லூயி பெரியவர்:
அப்படியானால் 1998 மொரீஷியஸ் ரூபாய் நோட்டையும் பேசவேண்டும். தமிழை இந்திக்குக் கீழே இறக்கி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்களே. என்னிடம் ஒன்று இருக்கிறது. பிழையான நோட்டு, ஆனால் அசல்.

(இப்போது மட்டும் அரபு அரபாகத் தெரியவில்லை போலும். - டர்பன்)

குவாத்ர் போர்ன் ஆசிரியை:
ஐயா, நோட்டு அப்புறம். எது பிள்ளைகளுக்குப் புரியும் என்றுதானே சண்டை? இவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல். அசலும் நோட்டமும் அவர்களுக்கு ஒரே அளவு புதுசு. நேற்று 'மெய்ச்சோதனை' என்று சொல்லிப் பார்த்தேன். "மெய் என்றால் புள்ளி வைத்த எழுத்துதானே, மிஸ்?" என்று கேட்டுவிட்டு, ஒருத்தி பூதக்கண்ணாடியை எடுத்து அட்டையில் புள்ளி தேட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அது போதும்.

டர்பன் அன்பர்:
ஆதரிக்கிறேன். தூங்கவேண்டும்.

செயிண்ட் டெனி அன்பர்:
சரி. 'கள்ள அட்டை'யையும் உள்ளே எங்காவது சேருங்கள்.

போர்ட் லூயி பெரியவர்:
மெய் என்றால் உடம்பு. மெய்ச்சோதனை விமான நிலையத்தில் நடப்பது. அச்சடியுங்கள் அம்மா, தடுக்கவில்லை. அடியில் சிறிய எழுத்தில் 'நோட்டம்' என்று ஒரு வரி போட இடமிருக்குமா?