கொரிய அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை: எந்த ஊர் என்று தெரியாமல் ஒப்புக்கொள்ளலாமா?

ஸ்காபரோ மலர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கனடாக் கடவுச்சீட்டு வைத்திருப்பவள். ஆங்கில இலக்கியத்தில் பட்டமும் ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழும் பெற்றிருக்கிறேன். கொரிய அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களைத் தெரிவு செய்யும் ஈபிக் திட்டத்துக்கு, மார்ச் மாதம் தொடங்கும் கல்வியாண்டுக்காக விண்ணப்பித்து, நேர்முகத்திலும் தேறிவிட்டேன். என் தம்பி தேஜொன் நகரில் முதுகலை ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறான். கொரியாவைத் தெரிவு செய்ததற்கு அவன்தான் முக்கிய காரணம். ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்றில்லை. வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு அவனிடம் போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருந்தால் போதும்.

விண்ணப்பத்தில் முதல் விருப்பமாகத் தேஜொனைத்தான் எழுதினேன். நேர்முகம் செய்தவர், விரும்பிய இடம் கிடைக்காவிட்டாலும் வருவீர்களா என்று கேட்டார். வருவேன் என்றேன், அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும்? ஆனால் மாகாணம் எது என்பது இன்னும் சில வாரங்கள் கழித்துத்தான் தெரியும் என்றும், பள்ளி எது என்பது பெரும்பாலும் கொரியாவில் இறங்கிய பிறகுதான் தெரியும் என்றும் இப்போது அறிகிறேன். இதற்கிடையில் தேஜொனிலேயே உள்ள ஒரு ஹாக்வொன், அதாவது தனியார் பயிற்சிப் பள்ளி, முகவரி உட்பட எல்லாம் எழுதிய ஒப்பந்தத்தை அனுப்பி, இரண்டு வாரத்துக்குள் முடிவு சொல்லும்படி கேட்டிருக்கிறது.

அரசுப் பள்ளியில் ஊர் ஒதுக்கீடு உண்மையில் எப்படி நடக்கிறது? விருப்பம் தெரிவிப்பதால் ஏதாவது பயன் உண்டா, அல்லது அது வெறும் சம்பிரதாயமா? பிடிக்காத இடம் வந்தால் மாற்றிக் கேட்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

தீவுப்பள்ளி வாத்தியார்

வணக்கம் மலர். நான் தெற்கு ஜொல்லா மாகாணத்தின் சினான் வட்டத்தில் வேலை பார்த்தவன். பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் போனேன். முதல் விருப்பமாகப் பூசான் எழுதியிருந்தேன். சினான் முழுவதும் தீவுகளால் ஆனது என்று சொன்னால், விருப்பத்துக்கும் ஒதுக்கீட்டுக்கும் உள்ள தூரம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

இதில் இரண்டு தனித்தனித் தீர்மானங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கும் வீண் கவலை. முதல் தீர்மானம், நாட்டிலுள்ள 17 மாநகர, மாகாணக் கல்வி அலுவலகங்களில் நீங்கள் எதற்குப் போகிறீர்கள் என்பது. ஈபிக் தலைமை அலுவலகம் ஆட்களைத் தெரிவு செய்து கோப்பை அந்தந்த அலுவலகத்துக்கு அனுப்பும். அவர்கள் ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தம் அவர்கள் பெயரில் வரும். அதாவது உங்கள் முதலாளி ஒரு பள்ளி அல்ல, அந்த மாகாணத்தின் கல்வி அலுவலகம். இந்தக் கட்டத்தில் உங்கள் விருப்பத்துக்கு ஓரளவு மதிப்பு உண்டு, ஏனென்றால் இடங்கள் முந்தி வருபவருக்கு முதலில் என்ற முறையில்தான் நிரப்பப்படுகின்றன. ஆவணங்களில் குறையில்லாமல் முன்னதாகக் கொடுத்தவருக்குக் கேட்டது கிடைக்க வாய்ப்பு அதிகம். கடைசி வாரத்தில் அனுப்பியவர் மிஞ்சிய இடத்துக்குப் போவார். 2024 ஜனவரியில் கனடா அப்போஸ்டில் (ஓர் ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று) உடன்படிக்கைக்குள் வந்துவிட்டதால், முன்பு போலச் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு கொரியத் துணைத் தூதரகத்துக்கும் தனியே அலைய வேண்டியதில்லை. ஆனால் மத்திய காவல்துறைச் சான்றுக்கு ஒட்டாவாவிலும், ஒன்ராறியோவில் நோட்டரி சான்றளித்த பட்டப் பிரதிக்கு மாகாண அலுவலகத்திலும் அப்போஸ்டில் வாங்க வேண்டும். இன்னும் அனுப்பவில்லையென்றால் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்பே எழுந்து போய் அந்த வேலையைப் பாருங்கள்.

இரண்டாவது தீர்மானம், அந்த மாகாணத்துக்குள் எந்தப் பள்ளி என்பது. இதில் உங்களுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. வேண்டுமென்றே மறைப்பதாகச் சிலர் எழுதுவார்கள், அது சரியல்ல. அங்கே ஏற்கெனவே இருக்கும் வெளிநாட்டு ஆசிரியர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறாரா என்று தெரிய வேண்டும். அடுத்த ஆண்டுக்கான நிதி எத்தனை பேருக்கு வருகிறது என்று தெரிய வேண்டும். போதாக்குறைக்குக் கொரிய ஆசிரியர்களையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி மாற்றுவார்கள், அந்த மாறுதல்கள் மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வரும். நாட்டில் பிள்ளைகள் பிறப்பதே குறைந்துவிட்ட நிலையில் (2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தைதான்), கிராமப்புறத்தில் ஒரு பள்ளி அடுத்த ஆண்டும் தனிப் பள்ளியாக இருக்குமா, வேறொன்றுடன் சேர்க்கப்படுமா என்பதே கேள்வியாக இருக்கும். பிப்ரவரிக் கடைசியில்தான் இதெல்லாம் ஒரு நிலைக்கு வரும். அதனால்தான் எங்களுக்கு அறிமுகப் பயிற்சி முடியும் நாளில், பல்கலைக்கழக வளாகத்தில் மாகாண வாரியாக நிற்கும் பேருந்துகளில் ஏறும்போது கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். என் தாளில் மூன்று பள்ளிகளின் பெயர் இருந்தது.

மூன்று பள்ளி என்றால், வாரத்தில் சில நாள் முதன்மைப் பள்ளி, மீதி நாள் சுற்றுப் பள்ளிகள். ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். இருவேறு பாடநூல்களை ஒரே கரும்பலகையில் நடத்தப் பழகிக்கொண்டேன். காற்று அடித்தால் படகு நிற்கும். 2019இல் சொன்சா பாலம் திறந்த பிறகு சில தீவுகளுக்குக் காரிலேயே போகலாம், ஆனால் எல்லாத் தீவுகளுக்கும் அல்ல. ஊதியத்துடன் கிராமப்புறப் படி, பல பள்ளிப் படி எனத் தனித்தனியே கிடைக்கும். வாரத்துக்கு 22 கற்பித்தல் மணி என்ற வரம்பு எங்கே போனாலும் ஒன்றுதான். எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது. ஆனால் வெள்ளி மாலை தேஜொனில் இரவுச் சாப்பாடு என்பது அங்கிருந்து நடக்கிற காரியம் இல்லை.

பகல்கனவு

மேலே எழுதியவரின் விளக்கம் சரிதான், ஆனால் அறிவுரையில் எனக்கு உடன்பாடு இல்லை. மலருக்குத் தேவைப்படுவது ஊர். கொரியாவைத் தெரிவு செய்ததற்குத் தம்பிதான் முக்கிய காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். ஊரை எழுதித் தருகிற ஒப்பந்தம் கையில் இருக்கும்போது, எழுதித் தராத ஒன்றுக்காகக் காத்திருப்பது எதற்கு? ஹாக்வொன் என்றாலே மோசம் என்று இணையத்தில் எழுதிக் குவிக்கிறார்கள். நல்ல இடங்களும் இருக்கின்றன, அங்கே இப்போது வேலை செய்யும் ஆசிரியர் ஒருவரிடம் தொலைபேசியில் பேச விடுகிறார்களா என்பதே எனக்குத் தெரிந்த நம்பகமான சோதனை. விடவில்லை என்றால் விட்டுவிடலாம்.

குறை என்னவென்றால், பல ஹாக்வொன்களில் வகுப்பு பிற்பகலில் தொடங்கி இரவு ஒன்பது, பத்து வரை போகும், விடுமுறையும் அரசுப் பள்ளியைவிடக் குறைவு. தம்பி பகலெல்லாம் ஆய்வகத்தில், அக்கா இரவெல்லாம் வகுப்பறையில் என்றால், ஒரே ஊரில் இருந்தும் வார இறுதியில்தான் சந்திப்பீர்கள். அது போதுமென்றால் கையெழுத்திடுங்கள்.

ஸ்காபரோ மலர்

இருவருக்கும் நன்றி. ஆவணங்கள் அப்போஸ்டில் முடிந்து கடந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த ஹாக்வொனில் தற்போதைய ஆசிரியருடன் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், பார்ப்போம். இன்னும் ஒரு சந்தேகம்: தேஜொன் கிடைக்காமல் பக்கத்து மாகாணம் எதுவும் கிடைத்தால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளலாமா? மேலும், நான் சைவச் சாப்பாடு மட்டுமே உண்பவள். சிறிய ஊர்ப் பள்ளியில் அது எவ்வளவு சிக்கல்?

கும் ஆற்றங்கரை

வணக்கம் தங்கச்சி. நான் தெற்கு சுங்சொங் மாகாணத்தில் பணியில் இருக்கிறேன், ஆகவே இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

மாநகரப் பெயரையே பிடித்துக்கொண்டு தொங்காமல், ரயில், பேருந்து வழித்தடங்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். தேஜொனைச் சுற்றிலும் சேஜொங் நகரமும் தெற்கு, வடக்கு சுங்சொங் மாகாணங்களும் இருக்கின்றன. கேர்யோங், நொன்சான், கொங்ஜு ஆகிய ஊர்கள் தெற்கு சுங்சொங்கைச் சேர்ந்தவை; அங்கிருந்து தேஜொனுக்கு வெள்ளி மாலை போவது பெரிய பயணமே அல்ல. வடக்கு சுங்சொங்கின் ஓக்சொன் இன்னும் நெருக்கம், ரயிலில் ஏறி உட்கார்வதற்குள் வந்துவிடும். சொனான் சற்றுத் தள்ளி இருந்தாலும் அதிவேக ரயில் உண்டு. ஆனால் இதே தெற்கு சுங்சொங்கில் மேற்குக் கடலோரத்தில் தேஆன் இருக்கிறது. வடக்கு சுங்சொங்கில் மலைக்குள் தன்யாங் இருக்கிறது. அங்கிருந்து தேஜொன் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், கடைசிப் பேருந்தும் சீக்கிரம் போய்விடும். மாகாணத்தின் பெயரை மட்டும் வைத்து இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சொல்ல முடியாது என்பதற்காக இதை எழுதுகிறேன். மாநகரம் என்றாலும் முழு நிம்மதி இல்லை: இன்சொன் மாநகரத்துக்குள் அடங்கிய பெங்ன்யொங் தீவுக்குப் படகில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும், 2023இல் தேகு மாநகரத்துடன் குன்வி என்ற முழுக் கிராம வட்டத்தையே சேர்த்துவிட்டார்கள். தேஜொன் இந்த வகையில் சிறிய, அடக்கமான நகரம். அது கிடைத்துவிட்டால் வேறு கவலை வேண்டாம்.

தேஜொன் இல்லையென்றால் சேஜொங்கையும் இரண்டு சுங்சொங் மாகாணங்களையும் ஏற்பதாக உங்களைக் கவனிக்கும் அலுவலருக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தம்பி அங்கே படிக்கிறான் என்ற காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். உறுதி தரமாட்டார்கள், ஆனாலும் எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஒப்பந்தம் வந்த பிறகு மாகாணம் மாற்றிக் கேட்பது வீண். மறுத்தால் அந்தப் பருவத்துக்கான வாய்ப்பு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லையென்றால் திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம்: முதல் ஆறு மாதத்துக்குள் விலகினால் நுழைவுப் படியையும் குடியேற்றப் படியையும் திருப்பிக் கட்ட வேண்டும், விசாவும் அந்த வேலையுடன் பிணைந்தது. ஓராண்டு முடித்துப் புதுப்பிக்கும்போது, அதே மாகாணத்துக்குள் வேறு பள்ளி கேட்பது நடக்கக்கூடியது.

சாப்பாட்டைப் பற்றி: பள்ளியில் எஃகுத் தட்டில் மதிய உணவு தருவார்கள். மாத உணவுப் பட்டியல் முன்கூட்டியே வரும். ஒவ்வொரு உணவின் பக்கத்திலும் ஒவ்வாமை எண்கள் அச்சிட்டிருக்கும். 10 என்றால் பன்றி, 15 கோழி, 16 மாட்டிறைச்சி, 9 இறால். கொரிய எழுத்துத் தெரியாவிட்டாலும் இந்த எண்களை வைத்துக்கொண்டு பாதிக் கிணறு தாண்டிவிடலாம். மீதிப் பாதிதான் சிக்கல்: சூப்புக்கு நெத்தலி போட்டுக் கொதிக்க வைத்த நீரைத்தான் பெரும்பாலும் சேர்ப்பார்கள், நெத்தலிக்கு அந்தப் பட்டியலில் எண் கிடையாது. கிம்ச்சியிலும் உப்பிட்ட மீனோ இறாலோ பெரும்பாலும் சேர்ந்திருக்கும். சோறு, கீரை, தோஃபு உள்ள நாளில் நன்றாகச் சாப்பிடலாம். மற்ற நாளில் நான் ஒரு டப்பாவில் பருப்புக் கொண்டுபோகிறேன். உணவு ஆசிரியையிடம் முதல் வாரமே பணிவாகச் சொல்லிவிட்டால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

மதுரை டீச்சர்

இடையில் ஒரு கேள்வி. என்னைப் போல இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இருக்கிறதா? ஆங்கிலத்தில் பட்டமும் பி.எட்.டும் முடித்திருக்கிறேன்.

தீவுப்பள்ளி வாத்தியார்

இருக்கிறது, ஆனால் வாசல் குறுகலானது. பொதுவாக ஆங்கிலம் கற்பிப்பதற்கான இந்த விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டினருக்குத்தான். 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின் கீழ், பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள் அரசுப் பள்ளிகளில் துணை ஆசிரியராக வரலாம். ஹாக்வொன்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. ஆகவே மலருக்கு இருக்கும் இரண்டாவது வழி உங்களுக்கு இல்லை. விண்ணப்பிப்பதற்கு முன்பு உங்கள் பி.எட். சான்றில் ஆங்கிலம் கற்பித்தல் பாடம் என்பது தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோ மலர்

ஹாக்வொனிலிருந்து பதில் வந்தது. தற்போதைய ஆசிரியருடன் பேச ஏற்பாடு செய்ய இயலாதாம், ஒப்பந்தத்தில் மட்டும் விரைவாகக் கையெழுத்திட வேண்டுமாம். அதை விட்டுவிட்டேன். சேஜொங், இரண்டு சுங்சொங் மாகாணங்கள் என எல்லாவற்றையும் குறிப்பிட்டு ஈபிக் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். தேஆன் வந்தால் என்ன செய்வது என்று தம்பியிடம் கேட்டேன். அங்கே நல்ல கடற்கரை இருக்கிறது, நானே வருகிறேன் என்கிறான். ஒப்பந்தம் வந்ததும் எந்த மாகாணம் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.