"உங்க ஊர்ல ஆடு இல்லியா?" ரயில் மாதிரியில் நம்ம ஊர் நிலம்: அனுபவப் பகிர்வு

காட்பாடியிலிருந்து

மூன்று வருடமாக வீட்டு மாடி அறையில் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையில் ஒரு சின்ன ரயில் நிலையம் கட்டிக்கொண்டிருக்கிறேன். கண்ணமங்கலத்துக்கும் ஆரணி ரோட்டுக்கும் நடுவில் இருப்பதாக நானே நினைத்துக்கொண்ட ஸ்டேஷன். காட்பாடி–விழுப்புரம் பாதை மீட்டர் கேஜாக, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் அகலமாக இருந்த காலம். அளவு 1:87, அசலில் 87-இல் ஒரு பங்கு. மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வருகிறது. சுவிட்சர்லாந்து மலை ரயில்கள் பலவும் மீட்டர் கேஜ்தான் என்பதால் அவற்றின் மாதிரிகளுக்காகச் செய்கிற 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது, அதைப் போட்டிருக்கிறேன். அகலப்பாதை போடுகிறவர்களுக்குத்தான் கஷ்டம். 1676 மில்லிமீட்டர் அகலம் இந்த அளவில் 19-ஐத் தாண்ட வேண்டும், கடையில் கிடைப்பதோ 16.5.

தண்டவாளம், ஒயரிங் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நிலத்தைப் பற்றி மட்டும்.

முதல் வருடம் வெளிநாட்டுப் புல், வெளிநாட்டு மரம், பச்சைத் தூள் எல்லாம் வாங்கிப் போட்டேன். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அழகுதான். ஆனால் மொத்தமாகப் பார்க்கும்போது மனசு ஒட்டவில்லை. பனைமரம் வைத்தேன், ஓட்டு வீடு வைத்தேன், அப்போதும் அது நம்ம ஊராக மாறவில்லை. காரணம் பிடிபடாமல் ஆறு மாதம் அறைப் பக்கமே போகவில்லை.

அப்புறம் ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை கணியம்பாடி பக்கம் பாறைகளைப் படம் எடுக்கப் போயிருந்தேன். தோளில் தொரட்டியோடு ஒரு அம்மா ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பாறையையும் தரையையும் மாறி மாறிப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, நெலம் அளக்க வந்தியா?" என்று கேட்டார். ரோடு வரும், நிலம் போகும் என்கிற பயம் அந்தக் கேள்வியில் இருந்தது. இல்லம்மா என்று சொல்லி, போனில் இருந்த என் மாதிரியின் படங்களைக் காட்டினேன். வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஒரு மரத்துலயும் வெட்டே இல்லியே தம்பி. உங்க ஊர்ல ஆடு இல்லியா?"

அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நான் சேர்த்து வைத்திருந்த வீடியோக்கள் எல்லாம் ஒன்றுமில்லை. அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெள்வேல மரத்தில் கைக்கும் தொரட்டிக்கும் எட்டுகிற கிளைகள் எல்லாம் ஆட்டுக்காகக் கழிக்கப்பட்டிருந்தன. அடிப்பக்கம் மொட்டை, உச்சியில் ஒரு குடை. குத்துச் செடிகளில், ஆடு பின்னங்காலில் நின்று எட்டுகிற உயரம் வரைக்கும் ஓர் இலை இல்லை. கோடு போட்டது மாதிரி அதற்கு மேல்தான் பச்சை. வேலிக்காத்தானை விறகுக்கும் கரிக்கும் வெட்டிக்கொண்டே இருப்பதால் அதற்கு ஒற்றை அடிமரம் கிடையாது. வெட்டிய கட்டையிலிருந்து ஏழெட்டுக் கம்புகள் கிளம்பி நிற்கும். அதன் இலையை ஆடு அவ்வளவாகத் தொடாது, காயை விரும்பித் தின்னும். விதை புழுக்கையோடு விழுந்து, ஆடு நடக்கிற தடம் முழுக்க முளைக்கும். நான் வேலிக்காத்தானைக் கண்ட இடத்தில் நட்டு வைத்திருந்தேன். அது எங்கே முளைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அறுபது மரங்களைப் பிடுங்கினேன்.

இப்போது மரம் செய்யும் முறை இது. பழைய மின்சார ஒயரின் செம்பு இழைகளை முறுக்கி அடிமரம், கிளை. அதன்மேல் ஃபெவிகாலில் குழைத்த மரத்தூள். இலைக்கு, பழைய மெத்தை ஸ்பாஞ்சைச் சின்னத் துண்டுகளாக்கி, தண்ணீரும் பெயிண்டும் சேர்த்து மிக்ஸியில் அரைத்துக் காயவைத்துச் சலிப்பது. (இதற்கென்று தனி ஜார் வாங்கிவிடுங்கள். சமையல் ஜாரைத் தொடவே கூடாது.) செய்து முடித்ததும் கத்தரிக்கோலால் கீழ்க்கிளைகளைக் கழிக்கிறேன். வெட்டிய இடத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வைத்த பிறகுதான் மரம் நம்ம ஊர் மரமாகிறது.

மண்ணும் அப்படித்தான். நம்ம ஊர்ச் செம்மண்ணையே கொண்டுவந்து கொட்டினால் அசலாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்காது. 1 மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் 87 மில்லிமீட்டர், அதாவது கைப்பிடிக் கல். மாவு சலிக்கிற சல்லடையில் சலித்து, அதையும் மெல்லிய துணியில் இன்னொரு முறை சலிக்க வேண்டும். சலித்த மண்ணில் ஒரு காந்தத்தைக் கண்டிப்பாக ஓட்டுங்கள். கறுப்பாக இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்காமல் விட்டால் எஞ்சின் மோட்டாரிலுள்ள காந்தம் இழுத்துக்கொள்ளும். ஒரு நல்ல மோட்டாரை அப்படி இழந்திருக்கிறேன். நிறத்திலும் ஒரு விஷயம்: அசல் மண் அறை வெளிச்சத்தில் இருட்டடித்துத் தெரியும், கொஞ்சம் வெள்ளை கலந்தால்தான் வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும். பின்னணி மலைக்கு இன்னும் வெள்ளை, கொஞ்சம் நீலம்.

வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்ததோடு கடைசி ஒன்று போய்விட்டது. முதல் இரண்டும் எனக்கு வேலை சொல்லித் தந்த வாத்தியார்கள். மரம் இல்லாத மலையைச் செய்வது மரத்தால் மூடிய மலையைச் செய்வதைவிடக் கஷ்டம். ஒளித்து வைக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு உருண்டைப் பாறையும் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்கிக் கறுப்புக் கோடு போட்டிருக்கிறது, எந்த இடுக்கில் சீத்தாச் செடி பிடித்திருக்கிறது, எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

உங்களுக்கும் இப்படி யாராவது கண்ணைத் திறந்துவிட்டிருந்தால் எழுதுங்கள்.

ஆம்பூரிலிருந்து

அண்ணா, எனக்குக் கண்ணைத் திறந்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கிற ரிட்டையர்டு கீமேன், தண்டவாளத்தை நடந்து பார்த்துச் சரிசெய்கிற ரயில்வே ஊழியர். என்னுடையது அகலப்பாதை, ஜோலார்பேட்டை பக்கத்துக் காட்சி. ஜல்லிக்கு ரொம்ப மெனக்கெட்டிருந்தேன். ரயில்வே ஜல்லி பெரிய அளவே 65 மில்லிமீட்டர்தான், 87-ஆல் வகுத்தால் முக்கால் மில்லிமீட்டர், ரவை மாதிரி. கிரஷர் தூளைச் சலித்துச் சலித்து எடுத்தேன். ஜல்லிக்கு வெளியே இரண்டு பக்கமும் புல், அடர்த்தியாக.

ஐயா வந்து பார்த்தார். ஜல்லியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புல்லில் விரலை வைத்து, "நான் எங்கப்பா நடக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

வேலையில் இருந்தவரைக்கும் தினமும் தன் பீட் முழுக்க, அதாவது தன் பொறுப்பில் இருந்த பாதை முழுக்க நடந்தவர். தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கிற சாவி கழன்றிருக்கிறதா, தண்டவாளத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, தோளில் சுத்தியலும் ஸ்பேனரும். அவர் காலடி பட்டுப் பட்டு ஜல்லி ஓரத்தில் ஒற்றையடித் தடம் விழுந்திருக்கும், அதில் புல் முளைக்காது. லெவல் கிராசிங் தூரமாக இருந்தால் ஊர்ச் சனங்கள் குறுக்கே போகிற தடம் வேறு. அங்கே ஜல்லி கொஞ்சம் சரிந்து, செம்மண் ஏறியிருக்கும். சிக்னலுக்கு முன்னால் வண்டி நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை. தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருவின் பழுப்பு, அதே பழுப்பு ஜல்லியிலும் படிந்திருக்கும். சாம்பல் ஜல்லியை அப்படியே விட்டால் நேற்றுக் கொட்டினது மாதிரி இருக்கும் என்றார்.

புல்லை அரை விரல் அகலத்துக்கு நீளமாகச் சுரண்டி எடுத்தேன். அந்தக் கோடு வந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் ரயிலைப் பார்க்காமல் அந்தத் தடத்தைப் பார்த்தார்கள்.

குடியாத்தத்திலிருந்து

புல் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. கொசு பேட்டைப் பிரித்துப் புல் நடும் கருவி செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு ஒயர், புல்லாகப் போகிற நைலான் இழை போட்ட கம்பிச் சல்லடைக்கு, இன்னொன்று ஈரப் பசையில் குத்திய ஆணிக்கு. நைலான் இழை நட்டுக்குத்தலாக நிற்கும், அருமையாக இருக்கும். ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொடவைத்து இறக்கிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். இதைத் தெரியாமல் வைத்து எனக்குக் கை முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. பிள்ளைகளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இழை நீளத்தையும் கணக்குப் போடுங்கள். 4 மில்லிமீட்டர் இழை என்றால் அசலில் 35 சென்டிமீட்டர் புல். பங்குனி, சித்திரையில் ஆடு மேய்ந்த புறம்போக்கில் அவ்வளவு உயரப் புல் எங்கே இருக்கும்? நான் 2 மில்லிமீட்டரோடு நிறுத்திவிட்டேன், வைக்கோல் நிறம்தான் அதிகம்.

வாலாஜாவிலிருந்து

எங்கள் வீட்டிலிருந்து வாலாஜா ரோடு ஸ்டேஷன் பக்கம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வந்த தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கேதான் வந்து நின்றது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்ததால் எனக்கு இந்த ஆசை வந்தது. இந்த வேலை செய்யும் பெண்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

என் குரு எங்கள் ஆயா. வயலுக்கு நடுவில் ஒரு கிணறு செய்தேன், வட்டமாக, கைப்பிடிச் சுவரோடு, மேலே உருளை. ஆயா பார்த்துவிட்டு, "இது வீட்டுக் கெணறு. கழனியில இன்னா வேல இதுக்கு?" என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தபடியே சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். கழனிக் கிணறு சதுரம், வீட்டைவிட அகலம். சுவரே இல்லை, விளிம்பு நிலத்தோடு நிலம். உள்சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கல்படிகள். ஒரு பக்கம், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டிய காலத்துச் சரிவு, மாடு இறங்கி ஏறின பாதை. மோட்டார் வந்த பிறகு அதில் யாரும் நடப்பதில்லை, எருக்கும் ஆவாரையும் முளைத்துவிட்டன. மோட்டார் ரூம் ஓரத்தில் ஒரு வேப்பமரம், அதன் கீழே உட்கார ஒரு கல். பம்ப்செட் தண்ணீர் விழுகிற தொட்டி, தொட்டியடியில் துணி துவைக்கிற இடம், அங்கே மட்டும் தரை எப்போதும் ஈரமாக, பச்சையாக. நான் அந்த இடத்துக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் கொடுத்தேன்.

கிணற்றுக்காகப் பலகையில் ஓட்டை போட்டு, கீழே 12 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பெட்டி கட்டினேன். அசலில் பத்து மீட்டருக்கு மேல். அடியில் துளிக் கரும்பச்சைத் தண்ணீர். ஆயா எட்டிப் பார்த்து, "சித்திரைக்குச் சரியாத்தான் கீது" என்றார்.

காட்பாடியிலிருந்து, மறுபடியும்

வாலாஜா தங்கச்சி சொன்ன கிணற்றைப் படித்ததும் என் கழனியில் இருந்த வட்டக் கிணற்றை எடுத்துவிட்டேன். ஆம்பூர் தம்பி, கீமேன் ஐயாவிடம் மீட்டர் கேஜ் காலத்து ஸ்லீப்பர், அதாவது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுகிற கட்டை, அதன் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா?

போன வாரம் புதுப் படங்களோடு கணியம்பாடிக்குப் போய்வந்தேன். அந்த அம்மா அதே இடத்தில்தான் இருந்தார். வெட்டுப்பட்ட மரங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவரையும் செய்து வைத்திருக்கிறேன் என்று காட்டினேன்: 18 மில்லிமீட்டர் உயரம், தோளில் தொரட்டி, முன்னால் 8 மில்லிமீட்டர் உயரத்தில் ஆடுகள். புடவை நிறம் சரியில்லை என்றார். அப்புறம் ஆடுகளை எண்ணினார்.

"பதினேழுதான் கீது தம்பி. எனுது இருபத்திமூணு."

மீதி ஆறு ஆடுகளை இந்த வாரம் செய்துகொண்டிருக்கிறேன். அதில் இரண்டு குட்டி.