ஒவ்வொரு வரியாகச் சுருக்கினால் அளவு கூடுகிறது, ஏன்?

தோட்டத்துக் கிராணி

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக இருக்கிறேன். பைதான் நிரல்மொழி நானாகவே கற்றுக்கொண்டது, அதனால் அடிப்படையில் எங்காவது ஓட்டை இருக்கலாம்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் பழம் வெட்டப் போனதும், ஒவ்வொருவருடைய கணக்கையும் மேற்பார்க்கும் மண்டோர் கைப்பேசியில் பதிவார். ஓர் ஆளுக்கு ஒரு வரி:

20240612,2,14,0317,42,36

தேதி, டிவிஷன், காட்டு எண், ஆள் எண், குலை, உதிரிப்பழம் எத்தனை கிலோ என்ற வரிசை. மேட்டுக் காட்டில் லைன் சரியாகக் கிடைக்காது. அதனால் சுருக்கி அனுப்பலாம் என்று, தரவைச் சுருக்கும் ஸீலிப் (zlib) லைப்ரரியை எடுத்தேன். ஒவ்வொரு வரியையும் 'கம்ப்ரெஸ்' செய்து பார்த்தால், வரி முடிவோடு சேர்த்து 25 பைட் இருந்தது 30 பைட்டைத் தாண்டிவிடுகிறது.

சரி, முறையை மாற்றுவோம் என்று, துண்டு துண்டாக வாங்கிச் சுருக்கும் 'கம்ப்ரெஸ்ஆப்ஜ்' வைத்து வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தேன். அன்றைக்கு வந்த கோப்பில் இருந்தது மொத்தமே 2 பைட்: 120, 156. எழுதி முடித்ததும் மூலக் கோப்பை அழிக்கும்படி நான் ஏற்கெனவே நிரல் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் கணக்கு போய்விட்டது. மண்டோர் தன் சின்ன நோட்டிலும் பென்சிலால் எழுதி வைத்திருந்ததால், ராத்திரி வரை உட்கார்ந்து மறுபடி ஏற்றினேன்.

பழம் வெட்டுகிறவருக்குக் குலைக் கணக்குதான் சம்பளம். என் அப்பா பால்மரம் வெட்டியவர். பால் நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். சுருக்கியது ஓர் எண்கூட மாறாமல் திரும்பி வரவேண்டும். எங்கே தவறு செய்கிறேன்?

தைப்பிங் அக்கா

தம்பி, முதலில் அந்த 2 பைட். அது ஸீலிப்பின் தலைப்பு மட்டும். நீங்கள் கொடுத்த வரிகளை அது உள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கும், போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் வெளியே தள்ளும். எல்லா வரியும் கொடுத்து முடித்ததும் 'ஃப்ளஷ்' என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும், அது தருவதையும் கோப்பில் எழுத வேண்டும். நீங்கள் விட்டது அந்த ஒரு நிரல் வரியைத்தான்.

அப்புறம், அளவு ஏன் கூடியது என்பது. ஸீலிப்புக்குள் இருப்பது டிஃப்ளேட் என்ற சுருக்கு முறை. அதில் இரண்டு பழைய யோசனைகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று, லெம்பலும் ஸிவ்வும் 1977-இல் வெளியிட்டது: முன்பே வந்த துண்டு மறுபடி வந்தால், அதைத் திரும்ப எழுதாமல் 'இத்தனை பைட் பின்னால் போ, இத்தனை பைட் எடு' என்று குறிப்பது. மற்றது 1952-இல் வந்த ஹஃப்மன் குறிமுறை: அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி, அரிதாக வருவதற்கு நீளக் குறி. மாணவராக இருந்தபோது ஒரு பாடத்துக்கு எழுதிய கட்டுரையில் ஹஃப்மன் கண்டுபிடித்தது அது!

இப்போது உங்கள் ஒற்றை வரியைப் பாருங்கள். பின்னால் போக அங்கே எதுவுமே இல்லை. 2 பைட் தலைப்பும் கடைசியில் 4 பைட் சரிபார்ப்பு எண்ணும் வேறு கூடுகின்றன. அதே மாதிரி நாற்பது வரிகளைச் சேர்த்துக் கொடுங்கள். இரண்டாவது வரியிலேயே '25 பைட் பின்னால் போ, 16 பைட் எடு' என்றாலே தேதி, டிவிஷன், காட்டு எண், ஆள் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் எல்லாம் வந்துவிடும். புதிதாக எழுத மிஞ்சுவது எட்டொன்பது பைட்தான். வரிகளை ஆள் எண் வரிசையில் அடுக்கினால் இன்னும் கொஞ்சம் குறையும்.

டிஃப்ளேட்டின் ஞாபகம் 32768 பைட் வரைக்கும்தான். உங்கள் வரிக்கு அது 1300 வரிகளுக்கு மேல், ஒரு நாளைக்குத் தாராளம்.

மூலக் கோப்பை அழிக்கும் வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். எழுதியதைத் திறந்து, விரித்து, மூலத்தோடு பைட் பைட்டாக ஒப்பிட்டுச் சரியாக இருந்தால் மட்டும் அழிக்கலாம். நான் சம்பளக் கணக்கு வேலை பார்த்தவள், இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஈப்போ லோரி

அக்கா சொன்னது சரி. ஆனால் மண்டோர் ஒவ்வொரு வரியையும் உடனே அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், 'ஸெட்டிக்ட்' என்று ஒன்று இருக்கிறது. மாதிரி வரிகளை முன்கூட்டியே அகராதியாகக் கொடுத்துவிட்டால், முதல் வரியே அதைப் பார்த்துச் சுருங்கும். விரிக்கிற இடத்திலும் அதே அகராதி இருக்கவேண்டும்.

இல்லையென்றால் எல்ஸெட்எம்ஏ என்ற இன்னொரு சுருக்கு முறையைப் போட்டுப் பாருங்கள், ஸீலிப்பை விட நன்றாகச் சுருக்கும்.

தைப்பிங் அக்கா

வருஷக் கணக்கை மொத்தமாகக் கட்டி வைக்க எல்ஸெட்எம்ஏ நல்லதுதான். நாற்பது வரிக்கு அது வேண்டாம், அதனுடைய தலைப்பும் முடிவும் ஸீலிப்பை விடப் பெரியவை. 'ஸெட்டிக்ட்' போட்டால் அந்த அகராதியின் அடையாளமாக இன்னொரு 4 பைட் சேரும். யாராவது அகராதிக் கோப்பை மாற்றினால் பழைய பதிவுகள் திறக்காது. லைன் கிடைக்கும்வரை வரிகளைச் சேர்த்து வைத்து ஒரே கட்டாக அனுப்புவதுதான் என் யோசனை.

தோட்டத்துக் கிராணி

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. சேர்த்துச் சுருக்கி, 'ஃப்ளஷ்' போட்டு, விரித்து ஒப்பிட்டேன். அப்படியே வந்தது.

இன்னும் இரண்டு சந்தேகம். இன்னொரு டிவிஷனிலிருந்து வந்த கோப்பைத் திறந்தால் 'இன்கரெக்ட் ஹெடர் செக்' என்கிறது. அப்புறம், ஆள் எண்ணோடு பெயரையும் தமிழில் சேர்க்க ஆசை. தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்கும் என்று சொல்கிறார்களே?

ஈப்போ லோரி

முதல் பைட்டைப் பாருங்கள் தம்பி. ஸீலிப் என்றால் பெரும்பாலும் 120. 31, 139 என்று தொடங்கினால் அது ஜீஸிப். உள்ளே அதே டிஃப்ளேட்தான், வெளி உறை மட்டும் வேறு. விரிக்கும்போது 'டபிள்யூபிட்ஸ்' மதிப்பை 47 என்று கொடுத்தால் இரண்டையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

தைப்பிங் அக்கா

தமிழைத் தாராளமாகச் சேருங்கள். 'முனியம்மா' என்பது, எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 27 பைட், உண்மைதான். ஆனால் அதில் மூன்று பைட்டுக்கு ஒரு தடவை 224 வரும், அதற்கு அடுத்தது 174 அல்லது 175. இப்படித் திரும்பத் திரும்ப வருவதற்குத்தானே ஹஃப்மன் சின்னக் குறி கொடுக்கிறது! அதே பெயர் மறுநாள் வரியிலும் அதே கட்டுக்குள் வந்தால், மொத்தப் பெயரும் ஒரே சுட்டலில் அடங்கிவிடும். சுருக்குவதற்கு முன் 'என்கோட்' செய்து பைட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள், நேரடியாகச் சரத்தைக் கொடுத்தால் ஸீலிப் ஏற்காது.

தோட்டத்துக் கிராணி

47 போட்டதும் திறந்துவிட்டது. பெயர்களை இன்று ராத்திரி ஏற்றுகிறேன். நாளைக்கு இரண்டாம் டிவிஷனில் மட்டும் ஓடவிடுகிறேன். இந்த மாதம் முடியும்வரை பென்சில் நோட்டையும் எழுதச் சொல்லி மண்டோரிடம் கேட்டிருக்கிறேன்.