கொழிமணல்: உள்நிலக் கனிம மணலுக்கு ஒரு சொல்

ஐயா, வணக்கம்.

உங்கள் கலைச்சொல் பட்டியலில், கடற்கரையில் அல்லாமல் உள்ளே ஆற்றுப் பக்கம் படியும் கனிம மணலுக்குத் தந்திருக்கும் 'உள்நாட்டுக் கனமணல்' பற்றித்தான் இந்த மடல். அந்தச் சொல்லின் இரண்டு பாதியும் எனக்கு இடறுகிறது.

'உள்நாட்டு' என்றதும் வெளிநாட்டுக்கு எதிர்ப்பதமாகத்தான் படிப்பார்கள். நமக்கு வேண்டியது கடற்கரையை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கும் மணல். 'உள்நிலம்' போதுமே.

'கன' இன்னும் சிக்கல். எங்கள் பக்கம் மணல் விற்பதே கன அடிக் கணக்கில்தான்; 100 கன அடி ஒரு யூனிட். 'கனமணல் அளவாய்வு' என்று எழுதினால் லோடு அளக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். அதோடு, கனம் மணலுக்கு அல்ல, அதில் கலந்திருக்கும் சில துகள்களுக்கு. சாதாரண மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்ஸின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு. கனத்த கனிமங்களான இல்மனைட்டும் சிர்க்கானும் 4.5க்கு மேல், தோரியமும் அருமண் (rare earth) தனிமங்களும் உள்ள மோனசைட் 5ஐ ஒட்டி. வெள்ளம் இலேசானதை அடித்துக்கொண்டு போக, கனத்தது வளைவிலும் பாறை மறைவிலும் தங்கிவிடுகிறது. மழை விட்ட மறுநாள் இட்டேரியில் (வேலிகளுக்கு இடையிலான வண்டித்தடத்தில்) கறுப்பு மணல் கோடு கோடாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடந்ததும் இதுதான்.

இதையே அம்மா முறத்தில் செய்வார். புடைத்து உமியைப் போக்கிய அப்புறம், பக்கவாட்டில் ஆட்டி நொய்யையும் கல்லையும் ஒதுக்குவார். அதற்குப் பெயர் கொழித்தல். ஆறு பொன்னையும் மணியையும் கரையில் ஒதுக்குவதற்கும் பழம்பாடல்களில் இதே சொல்தான். ஆகவே 'கொழிமணல்', அது திரண்ட இடம் 'கொழிபடிவு'.

'தாது மணல்' செய்தித்தாளில் பழகிய சொல்தான், சரி. ஆனால் அது கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எப்படிச் சேர்ந்தது என்றும் சொல்வதில்லை. நொய்யல் படுகையில் ஆய்வு நடந்தால் அங்கே 'உள்நிலக் கொழிமணல்' இயல்பாகப் பொருந்தும். 'அருமண்' வேரூன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. களத்தில் ஆற்று மணலைத் தட்டிலிட்டு நீரில் சுழற்றுவதற்கு 'அரித்தல்' கச்சிதம்; அரிசி அரிப்பது போலத்தான். அரித்த பின் அடியில் நிற்கும் அந்தக் கறுப்புச் சிட்டிகையை என்ன சொல்வது? நுண்ணோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் போவது அதுதான். 'செறிவு' என்றால் கரைசல் ஞாபகம் வருகிறது. அரிசி அரிக்கையில் சட்டியடியில் தங்கும் கல்லுக்கு உங்கள் வீட்டில் பேர் உண்டா? பவானி, தாராபுரம் பக்கத்தவர்கள் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.