ரீகாம்பினன்ட் எச்3: ஒரு ஆன்டிபாடிக்கு பேண்ட் வருகிறது, இன்னொன்றுக்கு வரவில்லை

மஞ்சக்காட்டுப் பொண்ணு:
கோவையில் மஞ்சள் செடியை வைத்து பிஎச்டி செய்கிறேன். இலையிலிருந்து நியூக்ளியஸ் பிரித்து, டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதமான ஹிஸ்டோன் எச்3-இல் 27ஆவது இடத்து லைசின் (கே27) ட்ரைமெத்தில் ஆகியிருக்கிறதா, அதாவது மூன்று மெத்தில் ஏறியிருக்கிறதா என்று, ஆன்டிபாடி வைத்துப் புரதத்தைக் கண்டுபிடிக்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்கிறேன். பாசிட்டிவ் கன்ட்ரோலுக்காக அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் எச்3.1 புரதம் வாங்கினோம், ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த ரீகாம்பினன்ட் சரக்கு. பொது எச்3 ஆன்டிபாடிக்குப் பளிச்சென்று பேண்ட். கே27 ட்ரைமெத்தில் ஆன்டிபாடிக்கு அந்த லேன் துடைத்து வைத்த மாதிரி காலி. என் இலைச் சாற்று லேனில் மட்டும் லேசாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு 30 கிலோடால்டன் பக்கம் இன்னொரு கோடு வேறு. சரக்கு சரியில்லை, திருப்பி அனுப்பு என்கிறார் கைடு. அனுப்பலாமா?

சென்னிமலை:
பார்சலைப் பிரித்தபோது ட்ரை ஐஸ் மிச்சம் இருந்ததா? வெயில் காலத்தில் இங்கே வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிடுகிறது.

நொய்யல்கரை:
ஐஸ் மேல் பழி போட வேண்டாமுங்க. கெட்டுப்போன புரதம் பொது ஆன்டிபாடிக்கு மட்டும் அவ்வளவு அழகாக பேண்ட் தராது.

அம்மிணி, பொட்டியைக் கட்டிவிடாதீர்கள். ஈ.கோலையில் எச்3-இன் 27ஆவது லைசினுக்கு மெத்தில் ஏற்றும் என்சைம் கிடையாது. அங்கிருந்து வருவது சாயம் ஏறாத காடாத் துணி. அதில் ட்ரைமெத்திலைத் தேடினால் எங்கே கிடைக்கும்? வெறும் எச்3-ஐ உங்கள் ஆன்டிபாடி தொடவில்லை என்பது நல்ல சேதி. சில ஆன்டிபாடிகள் மெத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒட்டிக்கொண்டு ஆளை ஏமாற்றும். அந்த லேனை நெகட்டிவ் கன்ட்ரோல் என்று எழுதி தீசிஸிலேயே போடுங்கள். பாசிட்டிவுக்கு அராபிடாப்சிஸ் நாற்றின் நியூக்ளியஸ் சாறு போதும், காசு செலவில்லை.

30-இல் தெரிவது இரண்டு எச்3 ஜோடி சேர்ந்ததாக இருக்கும். 110ஆவது இடத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது, காற்றுப் பட்டால் இரண்டு மூலக்கூறும் டைசல்ஃபைடு பிணைப்பு போட்டுக் கோத்துக்கொள்ளும். அந்தப் பிணைப்பை அறுக்கும் டிடிடியை லோடிங் பஃபரில் புதிதாகக் கலந்து, நன்றாகக் கொதிக்கவைத்து ஏற்றிப் பாருங்கள். பழைய டிடிடியை நம்பாதீர்கள். மெயின் பேண்ட் 17-இல் நிற்பதைப் பார்த்தும் பயம் வேண்டாம். நிஜ எடை 15 சொச்சம்தான், பாசிட்டிவ் சார்ஜ் அதிகம் என்பதால் ஜெல்லில் மெதுவாக இறங்கும்.

மஞ்சக்காட்டுப் பொண்ணு:
உயிர் வந்ததுங்க. டிடிடி பாட்டில் எந்தக் காலத்தது என்று லேபில் யாருக்கும் தெரியவில்லை. இன்னொன்று: அராபிடாப்சிஸ் எங்கே, ஈரோட்டு மஞ்சள் எங்கே? மொத்த எச்3 அளவுக்கு இதை ஸ்டாண்டர்டாக வைக்கலாமா?

நொய்யல்கரை:
தாராளமாக. எச்4 என்று இன்னொரு ஹிஸ்டோன் இருக்கிறது. பட்டாணிச் செடியின் எச்4-ஐயும் மாட்டின் எச்4-ஐயும் 1969-இலேயே ஒப்பிட்டுவிட்டார்கள். 102 அமினோ அமிலத்தில் வித்தியாசம் இரண்டே இடம். எச்3-உம் அதே வம்சம்தான். செடிக்கும் மாட்டுக்குமே அப்படி என்றால், இரண்டு செடிகளுக்குள் என்ன பெரிய பேதம் வந்துவிடும்?

ஆனால் நாளைக்கு என்சைம் வேலை செய்கிறதா என்று பார்க்கும் அஸே பக்கம் போனால், எச்3-இன் எந்த வகை, எச்3.1-ஆ எச்3.3-ஆ என்பது முக்கியம். செடிகளில் இவை இரண்டும் வேறுபடுவது நாலே இடத்தில், அதில் 31ஆவது இடம் ஆளையே மாற்றிவிடும். எச்3.1-இல் அங்கே அலனின், எச்3.3-இல் த்ரியோனின். ஏடிஎக்ஸ்ஆர்5, ஏடிஎக்ஸ்ஆர்6 என்ற செடி என்சைம்கள் கே27-இல் ஒற்றை மெத்தில் வைக்கும், ஆனால் அலனின் இருக்கிற எச்3.1-இல்தான். த்ரியோனினைக் கண்டால் ஒதுங்கிவிடும். தப்பான வகையை வாங்கிவிட்டு என்சைம் வேலை செய்யவில்லை என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் வாங்கியது 3.1, அதற்கும் உதவும்.

சென்னிமலை:
ஸ்டாண்டர்ட் போடுவதற்கு முன் நானோடிராப் கருவியில் 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலை மட்டும் பார்த்து அளவை எழுதிவிடாதீங்க. அந்த ஒளியை அதிகம் உறிஞ்சும் டிரிப்டோஃபான் எச்3-இல் கிடையாது, ரீடிங் ரொம்பக் கம்மியாகக் காட்டும். தெரிந்த அளவு ஹிஸ்டோனைப் பக்கத்தில் ஓட்டி, கூமாஸி சாயம் போட்டு ஒப்பிடுங்க. அப்புறம் சின்னச் சின்ன ட்யூபில் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்க. கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கிற ஃப்ரீசரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்க.