உலு லங்காட்டுக்குப் போக ஃபோர்வீல் வண்டி வேண்டும், அவசரம்

வணக்கம் நண்பர்களே. செராஸில் இருக்கும் என் அண்ணன் குடும்பம் நேற்று சிலாங்கூரின் உலு லங்காட்டில் ஓர் ஆற்றோர முகாமில் கேம்பர்வேனை நிறுத்தித் தங்கியது. விடிகாலை மூன்று மணிக்கு ஆறு பொங்கிவிட்டது. முகாமில் தூறல்தான். மேலே மலையில் பெய்த மழை மொத்தமாக இறங்கியிருக்கிறது. கெப்பாலா ஆயர் என்பார்களே, அதுதான். கால் மணி நேரத்தில் சக்கரம் முழுகிவிட்டதாம். 999-க்கு அழைத்தோம். பொம்பா (தீயணைப்பு மீட்புப் படை) ஆட்கள் வந்து நால்வரையும் மேட்டிலுள்ள சூராவில், அதாவது சிறிய தொழுகைக் கூடத்தில், சேர்த்தார்கள். கம்பத்து (கிராமத்து) மக்கள் சாப்பாடும் போர்வையும் கொடுத்திருக்கிறார்கள். அவர்களை மறக்க மாட்டோம்.

ஆனால் அண்ணனின் இன்சுலின் வேனுக்குள் தண்ணீரில் வீணாகிவிட்டது. புது மருந்து என் கையில் இருக்கிறது, பாதையில் இன்னும் தண்ணீர் நிற்பதால் என் மைவி கார் போகாது. ஃபோர்வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) வைத்திருப்பவர்கள் இன்று மாலைக்குள் என்னைக் கூட்டிப்போக முடியுமா? காஜாங், செராஸ், எங்கே வரச் சொன்னாலும் வருகிறேன். பெட்ரோல் செலவு என்னுடையது.

அப்புறம், வேனை ஏற்றிவர லோரி வைத்திருப்பவர் யாரையாவது தெரியுமா? இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும், ஸ்டார்ட் செய்தால் உடைந்துவிடும் என்பதால் சாவியையே தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளச் சேதத்துக்குத் தனியாகக் காப்புறுதி எடுத்தாரா என்பதையும் பார்க்க வேண்டும். அது நாளைக்கு. இப்போது மருந்து போய்ச் சேர வேண்டும். தயவுசெய்து தனிச்செய்தி அனுப்புங்கள்.