உதவி தேவை: மொன்ஸ்டர் ஹண்டர் வேர்ல்ட், ரைஸ், கொட் ஈட்டர் 3 – எனது மடிக்கணினிக்கும் இணையத்துக்கும் எது பொருந்தும்?

கேள்வி – மல்லாவியிலிருந்து

வணக்கம். பெரும் விலங்குகளைத் தேடிச் சென்று வேட்டையாடி, அவற்றின் தோலையும் எலும்பையும் கொண்டு ஆயுதமும் கவசமும் செய்துகொள்ளும் விளையாட்டுகளில் ஒன்றை வாங்க இருக்கிறேன். ஒன்றுக்கு மேல் வாங்க இப்போது வசதியில்லை. ஆகவே விளையாடியவர்களிடம் கேட்ட பின்பே முடிவெடுக்க விரும்புகிறேன்.

என்னிடம் இருப்பது பாவித்த மடிக்கணினி: ஐ5 செயலி, 4 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் அட்டை, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இணையம் 4ஜி ரவுட்டரில் வருகிறது. பகலில் வேகம் ஏறி இறங்கும், நள்ளிரவுக்குப் பின் சீராகிவிடும். மாரி காலத்தில் மின்சாரம் அடிக்கடி நின்றுவிடும்.

நண்பர் ஒருவரின் கணக்கில் வேர்ல்டைச் சில மணிநேரம் விளையாடியதில் இரண்டு சிக்கல்களைக் கண்டேன். முதலாவது, சீராக ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு, மின்சாரம் நின்றவுடன், பற்றரியில் போதிய சார்ஜ் இருந்தும், மிகவும் மந்தமாகிவிடுகிறது. இரண்டாவது, பெருவாளை ஓங்கும்போது பொத்தானை அழுத்தி நெடுநேரம் கழித்தே அடி விழுகிறது. அதற்குள் விலங்கு இடம் மாறிவிடுகிறது. இது கணினியின் தாமதமா, இணையத்தின் தாமதமா, விளையாட்டின் இயல்பே அதுதானா என்று விளங்கவில்லை.

வவுனியாவில் இருக்கும் மச்சானுடன் சேர்ந்து விளையாடுவதே எனது முதன்மையான விருப்பம். அவரிடம் பிளேஸ்டேஷன் 4 உண்டு. வீட்டில் பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய சாதாரண மேசைக்கணினி ஒன்றும் இருக்கிறது. மொன்ஸ்டர் ஹண்டர் தொடரில் புதிதாக வந்த வைல்ட்ஸ் பற்றியும், வேறொரு வேட்டை விளையாட்டான வைல்ட் ஹார்ட்ஸ் பற்றியும் சொன்னால் நன்று.

பதில் – கிளிநொச்சியிலிருந்து

தம்பி, முதல் சிக்கலுக்குக் காரணம் தெளிவானது. மின்னிணைப்பு நின்றதும் மடிக்கணினி தன் செயலிக்கும் கிராஃபிக்ஸ் அட்டைக்கும் வழங்கும் மின்சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேல், பற்றரியில் இயங்கும்போது விளையாட்டை நொடிக்கு 30 பிரேமுக்குள் (திரையில் மாறும் படங்களின் எண்ணிக்கை) கட்டுப்படுத்தும் அமைப்பு ஒன்றும் கிராஃபிக்ஸ் அட்டையின் மென்பொருளில் இருக்கக்கூடும். அதைத் தேடி நிறுத்துங்கள். விண்டோஸின் மின்சக்தி அமைப்பையும் உயர் செயற்றிறனுக்கு மாற்றுங்கள். அப்படிச் செய்தாலும் பற்றரியில் முழு வேகம் கிடைக்காது என்பதால், கையில் இருக்கும் வேட்டையை முடித்துத் திரும்புவதற்கு மட்டும் பற்றரியை நம்புங்கள். இவ்விளையாட்டுகளில் வேட்டை முடிந்து திரும்பிய பின்னரே எல்லாம் சேமிக்கப்படும். நடுவில் கணினி அணைந்தால் அந்த வேட்டையில் சேர்த்தது முழுவதும் போய்விடும்.

வேர்ல்டில் வொலியூம் ரெண்டரிங் என்றொரு தெரிவு உண்டு. மூடுபனியையும் காற்றில் பரவும் ஒளியையும் வரைவது அதுதான். அதை அணைத்தால் வேகம் நன்றாகக் கூடும், காட்சியும் தெளிவாகும். உயர் தெளிவுப் படத்தொகுதியைத் தனியாக இறக்கச் சொல்லும். 4 ஜிபி அட்டைக்கு அது வேண்டாம். உங்கள் 8 ஜிபி ராம் ஒற்றையாகப் பூட்டப்பட்டிருந்து, பக்கத்தில் இன்னோர் இடம் காலியாக இருந்தால், அதில் மற்றொரு 8 ஜிபியைப் பூட்டுவது எந்த விளையாட்டுக்கும் உதவும்.

இரண்டாவது சிக்கல் இணையத்தாலா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. பயிற்சிக் களத்தில் தனியாக நின்று முதலில் இரட்டை வாள்களையும் பின்னர் பெருவாளையும் வீசிப் பாருங்கள். அழுத்தியவுடன் இரட்டை வாள்கள் அசைந்து, பெருவாள் மட்டும் காத்திருந்தால், கணினியிலும் குறையில்லை, இணையத்திலும் குறையில்லை.

பதில் – வவுனியாவிலிருந்து

மேலே சொன்ன சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஏனெனில் எதை வாங்குவது என்ற உங்கள் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. இவ்வகை விளையாட்டுகளைப் பலரும் காட்சியின் அழகையும் விலங்குகளின் எண்ணிக்கையையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். பொத்தானை அழுத்துவதற்கும் அடி விழுவதற்கும் இடையில் விளையாட்டு உங்களிடம் எதைக் கேட்கிறது என்பதை வைத்து ஒப்பிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

2004இல் பிளேஸ்டேஷன் 2க்கு கப்கொம் நிறுவனம் வெளியிட்ட முதல் மொன்ஸ்டர் ஹண்டரிலிருந்தே, தொடங்கிய வீச்சை முடித்தே ஆகவேண்டும் என்பது இத்தொடரின் அடிப்படை. விலங்கு இப்போது நிற்கும் இடத்தை அடிக்கக்கூடாது. அடி இறங்கும்போது அது எங்கே நிற்கும் என்று கணித்து அடிக்கவேண்டும். பெருவாள் இதைக் கடுமையாகக் கேட்கும் ஆயுதம். வேர்ல்டிலும் ரைஸிலும் ஆயுத வகைகள் 14. உங்கள் பொறுமைக்கு ஏற்றது அவற்றுள் இருக்கும்.

2018இல் வந்த வேர்ல்ட் இந்த நிதானத்தை வேட்டை முழுவதற்கும் விரித்திருக்கிறது. நெடுங்கேணிப் பக்கத்தில் காலையில் வயலுக்குப் போகிறவர் யானையின் அடியையும் முறிந்த கிளையையும் பார்த்து அது எப்போது வந்தது, எந்தப் பக்கம் போனது என்று அறிவதைப் போல, நீங்களும் தடங்களைச் சேர்த்தே விலங்கை அடைகிறீர்கள். ஒரே விலங்கை மீண்டும் மீண்டும் தேடும்போது அதைப் பற்றிய அறிவு சேர்ந்து, வழி விரைவில் புலப்படத் தொடங்கும். காட்டில் செலவாகும் இந்த நேரத்தை நான் வேட்டையின் சிறந்த பகுதியாகவே கருதுகிறேன்.

ரைஸ் 2021இல் முதலில் நின்டெண்டோ ஸ்விட்சுக்காகச் செய்யப்பட்டு, 2022 ஜனவரியில் கணினிக்கு வந்தது. தடம் தேடும் வேலை அதில் இல்லை. பெருவிலங்குகள் தொடக்கத்திலேயே வரைபடத்தில் தெரியும், நாயின் மேல் ஏறி விரைந்து போகலாம். அடிபட்டு வீசப்பட்டாலும் வயர்பக் என்னும் பூச்சியின் நூலைப் பிடித்து உடனே விலகிவிடலாம். வீச்சின் கனம் அப்படியே இருக்கிறது, ஆனால் தவறுக்கான தண்டனை குறைவு. கையடக்கக் கருவிக்காகச் செய்யப்பட்டதால் கணினியிலும் இலகுவாக ஓடும்: குறைந்தபட்சத் தேவை ஜிடி 1030 அட்டையும் 8 ஜிபி ராமும் 36 ஜிபி இடமும் மட்டுமே. வேர்ல்டுக்கு 50 ஜிபிக்கு மேல் வேண்டும். ஐஸ்போர்ன் விரிவாக்கத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

இனி மச்சான். வேர்ல்டிலும் ரைஸிலும் கணினியில் இருப்பவரும் பிளேஸ்டேஷனில் இருப்பவரும் ஒன்றாக வேட்டைக்குப் போக முடியாது. 2025 பெப்ரவரியில் வந்த வைல்ட்ஸில் அது முடியும், ஆனால் வைல்ட்ஸ் பிளேஸ்டேஷன் 4இல் இல்லை. கணினியிலும் அது குறைந்தபட்சமாக ஜிடிஎக்ஸ் 1660 அட்டை, 16 ஜிபி ராம், 75 ஜிபி எஸ்எஸ்டி இடம் கேட்கிறது. வைல்ட்ஸை மறந்துவிடுங்கள். மச்சானின் மேசைக்கணினியில் ஒரு சிறிய கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால், இருவரும் கணினியிலேயே ரைஸ் விளையாடுவதுதான் நடைமுறையில் உள்ள வழி.

இருவர் சேரும் முறையிலும் ரைஸே மேல். வேர்ல்டின் கதைப் பணிகளில், இடையில் வரும் காட்சியை ஒவ்வொருவரும் தனித்தனியே பார்த்து முடித்த பின்னரே மற்றவர் வந்து சேரலாம். ஒவ்வொரு முறையும் ஒருவர் வெளியே காத்திருக்க நேரும். ரைஸில் தனியாக விளையாடும் கிராமப் பணிகள் வேறு, சேர்ந்து விளையாடும் மையப் பணிகள் வேறு. மையப் பணிகளில் தொடக்கம் முதலே நான்கு பேர்வரை செல்லலாம். இணையம் சரியில்லாத நாளில் கிராமப் பணிகளை இணையமின்றியே தொடரலாம்.

வைல்ட் ஹார்ட்ஸ் 2023இல் வந்தது. சண்டையின் நடுவே மரப்பொறிகளைக் கட்டி எழுப்பும் அதன் எண்ணம் உண்மையில் புதுமையானது. ஆனால் கணினியில் சீராக ஓடவில்லை என்ற முறைப்பாடு வெளிவந்த நாளிலிருந்தே இருக்கிறது. உங்கள் மடிக்கணினிக்கு அது பாரம்.

பதில் – புதுக்குடியிருப்பிலிருந்து

கொட் ஈட்டர் 3 பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன். காத்திருந்து அடிப்பது உங்களுக்கு ஒத்துவராவிட்டால் அதுதான் உங்களுக்கான விளையாட்டு. வாளாக இருக்கும் ஆயுதம் கணப்பொழுதில் துப்பாக்கியாக மாறும். வீச்சின் வேகமும் கூடுதல், அடியிலிருந்து விலகுவதும் எளிது. சண்டையின் நடுவே அந்த ஆயுதத்தை எதிரியைக் கடித்துத் தின்னச் செய்து வலிமை பெறலாம். பணிகள் சிறியவை, ஆகவே மின்சாரம் நிற்பதற்குள் முடித்துவிடலாம். கணினியே இயக்கும் துணைவீரர்கள் கூட வருவதால் இணையமின்றி விளையாடும்போதும் தனிமை தெரியாது. 2019இல் கணினிக்கு வந்தது. உங்கள் அட்டையில் சிரமமின்றி ஓடும்.

எப்போதும் இணையம் வேண்டும் என்ற விளையாட்டுகளை மட்டும் வாங்காதீர்கள். இலவசமாக இருந்த டோன்ட்லெஸ் என்னும் வேட்டை விளையாட்டு 2025 மே மாதத்தில் மூடப்பட்டதும், அதில் மக்கள் சேர்த்த ஆயுதங்களும் கவசங்களும் அதோடு போய்விட்டன.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பயிற்சிக் களத்தில் சோதித்தேன்: இரட்டை வாள்கள் உடனே அசைகின்றன, பெருவாள் மட்டும் காத்திருக்கிறது. அண்ணா சொன்னபடி 30 பிரேம் கட்டுப்பாட்டையும் கண்டுபிடித்து நிறுத்தினேன். பற்றரியில் இப்போது முன்பைவிட நன்றாக ஓடுகிறது. அக்கா சொன்ன கொட் ஈட்டரின் காணொளிகளையும் பார்த்தேன், அதன் வேகம் ஈர்க்கிறது. ஆனால் விலங்கின் அசைவைக் கணித்து அடி சரியாக விழுந்த ஒரு தடவையில் கிடைத்த நிறைவு என்னை விடுவதாக இல்லை. மச்சானின் மேசைக்கணினியில் ஜிடி 1030 அட்டை இருக்கிறதாம். எனவே ரைஸை வாங்க நினைக்கிறேன். வாங்கிய பின் ஒத்துவராவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறலாமா? 36 ஜிபியை இந்த இணையத்தில் எப்படி இறக்குவது?

பதில் – வவுனியாவிலிருந்து

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் இணையக் கடையில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணிநேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உருவத்தைத் தெரிவுசெய்வதிலும் அறிமுகக் காட்சிகளிலும் அந்த நேரம் கரைந்துவிடும் என்பதால், முதல் நாளிலேயே மச்சானோடு ஒரு மையப் பணிக்குச் சென்று, இருவரின் இணையமும் ஒத்துவருகிறதா என்று பார்த்துவிடுங்கள். தரவிறக்கத்தை நள்ளிரவுக்குப் பின் தொடங்கி, விடியும்போது இடைநிறுத்தி, மறுநாள் இரவு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விளையாடும்போது செலவாகும் டேட்டா, இறக்குவதற்கு ஆகும் அளவோடு ஒப்பிட மிகக் குறைவே. புதுப்பிப்புகள் பகலில் தாமாக இறங்காதபடி, ஸ்டீமின் தரவிறக்க அமைப்பில் இரவுநேரத்தை மட்டும் குறித்துவையுங்கள்.